வீட்டு வளவில சின்ன மரப்பட்டறை: எந்த மெசின் முதல், தூளை என்ன செய்யிறது?

பரந்தன்_புதுப்பட்டறை:

வணக்கம். வளவுக்குள்ள 12 அடிக்கு 20 அடியில ஒரு கொட்டில் கிடக்குது. மூண்டு பக்கம் கல்லுச் சுவர், 9 அடி உயரம், மேல அஸ்பெஸ்ரஸ் சீற், வடக்குப் பக்கம் முழுக்கத் திறக்கிற கதவு. அதை மரவேலைப் பட்டறையாக்க யோசிக்கிறன். யன்னல் நிலை, கதவு, கட்டில், அலுமாரி, இவைதான் செய்யப்போறது. மரம் வேம்பு, தேக்கு, முதிரை. கொஞ்சம் பனஞ்சிலாகையும், பழைய வீடொண்டில கழட்டின பாலைத் தீராந்தியளும் இருக்குது. உளி, சீவுளி, கைவாள் பாவிக்கத் தெரியும். கரண்டில ஓடுறது எண்டு ஒரு 4 இஞ்சிக் கிரைண்டரும் ஒரு ட்ரில்லும் மட்டும்.

வீட்டில இருந்து கொட்டிலுக்கு 30 மீற்றர் வயர் இழுக்கவேணும். பின்னேரத்தில வோல்டேஜ் விழுகுது, மீற்றர் வைச்சுப் பார்த்தால் 200 அளவில நிக்குது. வீடும் கிணறும் கொட்டிலுக்கு வடகிழக்கில. அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறதால தூள் வீட்டுப்பக்கம் போகவே கூடாது.

எந்த மெசினை முதல் வாங்கிறது, எதைப் பிறகு பார்க்கலாம்? கிரைண்டருக்குப் போடுற மரம் அறுக்கிற பிளேட் கடையில விக்கிறாங்கள், அது போதுமா? கனடாவில இருக்கிற அண்ணா அங்கேயிருந்து மெசின் அனுப்பலாம் எண்டுறார், எங்கட கரண்டுக்குச் சரிவருமா? தூளுக்கு உறிஞ்சி ஒண்டு வாங்கினால் காணுமா?

---

நெடுங்கேணி_மரவேலை:

தம்பி, முதல்ல அந்தக் கிரைண்டர் பிளேட்டை மறந்துவிடுங்கோ. 4 இஞ்சிக் கிரைண்டர் நிமிசத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல ஓடும். அது இரும்பைத் தேய்க்கச் செய்தது. மரத்தில வைச்சு நேராக ஓட்ட அடித்தட்டு இல்லை, கீழ்ப்பக்கப் பல்லை மூடுற காவல் இல்லை. வெட்டு கொஞ்சம் சரிஞ்சு மரம் பிளேட்டை இறுக்கினால் மெசின் உங்கட பக்கம் துள்ளும். வழுக்காமல் பிடிக்க இடமில்லாதபடியால் அது போற இடம் தொடை, இல்லாட்டி மற்றக் கை. மாபிள் கட்டரில மர பிளேட் போடுறவையும் இருக்கினம். அதுக்கு அடித்தட்டு இருக்குது, ஆனால் தானாக மூடுற காவல் இல்லை. வேலை முடிச்சு நிலத்தில வைக்கேக்க பிளேட் சுத்திக்கொண்டே இருக்கும். இரண்டும் வேண்டாம்.

முதல் காசு 185 மி.மீ. பிளேட் போடுற கை வட்டவாளுக்குப் போகட்டும். 1,200 வாட்ஸுக்குக் குறையாமல் பாருங்கோ, பாலை அறுக்கிறதெண்டால் 1,400 நல்லது. நிமிர்ந்த நிலையில 65 மி.மீ. அளவுக்கு இறங்கும், கதவு நிலைக்கு அது காணும். பிளேட் இரண்டு வாங்குங்கோ. நீளவாட்டில கிழிக்க 24 பல்லு, குறுக்க அறுக்க 40 பல்லு. 40 பல்லுப் பிளேட்டால நீளத்துக்குக் கிழிச்சால் தூள் வெளியேற இடமில்லாமல் வெட்டு கருகும், மோட்டரும் சூடாகும். தேக்கில அந்தக் கருகின கோட்டை எடுக்க அரை மணித்தியாலம் சீவவேணும். பல்லு மரத்துக்குக் கீழ 5, 6 மி.மீ. மட்டும் தெரியிற அளவுக்கு ஆழத்தை வையுங்கோ. கூட இறக்கினால் சிம்பு எழும்பும், துள்ளலும் கூடும்.

நேராக அறுக்க விலைகூடின தண்டவாளம் தேவையில்லை. 12 மி.மீ. பிளைவூட்டில 8 அடி நீளம், ஓரடி அகலத்தில ஒரு துண்டு எடுத்து, அதுக்கு மேல 3 இஞ்சி அகல நேர்ச்சட்டம் ஒண்டை ஒட்டி ஆணி இறுக்குங்கோ. வாளின்ர அடித்தட்டைச் சட்டத்தோட உரசவிட்டு ஒருதரம் ஓட்டினால் மிச்சப் பிளைவூட்டை வாளே வெட்டி எடுத்துவிடும். பிறகு அந்த விளிம்பை எந்தக் கோட்டில வைச்சாலும் வெட்டு அந்தக் கோட்டில விழும். பிளைவூட்டின்ர வெட்டு விளிம்பு மரத்தை அமத்திப் பிடிக்கிறதால சிம்பும் எழும்பாது.

இரண்டாவது தூள் உறிஞ்சி. அதைப் பற்றி மற்றவை எழுதுவினம். அதை மூண்டாவதோ நாலாவதோ எண்டு தள்ளாதேங்கோ, சாண்டர் (தாள் போட்டு மரத்தைத் தேய்க்கிற மெசின்) வாங்க முன்னம் உறிஞ்சி வீட்டில நிக்கவேணும்.

பிறகு 125 மி.மீ. வட்ட சாண்டர், 8 ஓட்டைத் தட்டு உள்ளது. அதுக்குப் பிறகு ரவுட்டர், மரத்தில விளிம்பும் தவாளிப்பும் எடுக்கிற மெசின். அலுமாரி விளிம்பு, கண்ணாடித் தவாளிப்பு மட்டுமெண்டால் 700 வாட்ஸ் சின்னனே காணும். நிலைக்குத் துளை எடுக்கிறதெண்டால் 12 மி.மீ. தண்டு பிடிக்கிற, மேலும் கீழும் அமர்த்தக்கூடிய 1,600 வாட்ஸ் ரவுட்டர் வேணும். ஆனால் உங்களுக்கு உளி பழக்கமெண்டபடியால் துளையை ட்ரில்லால வரிசையாக எடுத்து உளியால சதுரமாக்கலாம், ரவுட்டரைக் கொஞ்சம் பிந்தி வாங்கலாம். 82 மி.மீ. கைப் பிளேனர் (கரண்டில ஓடுற சீவுளி) நிலை வேலைக்கு நேரம் மிச்சப்படுத்தும். அதைத் தலைகீழாக மேசையில பூட்டி மரத்தை மேல தள்ளுற வழக்கம் எங்கட பக்கம் இருக்குது. அதுக்கெண்டு தாங்கியும் காவலும் வாற மொடலில மட்டும் செய்யுங்கோ, ஒரு முழத்துக்குக் குறைஞ்ச துண்டைக் கையால தள்ளாதேங்கோ.

பனஞ்சிலாகைக்கு ஒரு சொல்லு. கறுப்பு நார் வாள்பல்லைத் தின்னும். கார்பைட் பல்லு இல்லாத பிளேட் ஒரு சிலாகையோட மொட்டையாகும். பனைக்கெண்டு பழைய கார்பைட் பிளேட் ஒண்டை ஒதுக்கி வையுங்கோ. அதின்ர சிம்பு ஊசிமாதிரி, தோலுக்குள்ள போனால் உடைஞ்சுதான் வரும், மொத்தக் கையுறையோட தூக்குங்கோ. வாள் ஓடேக்க மட்டும் கையுறையைக் கழட்டவேணும்.

---

வவுனியா_மோட்டர்:

கரண்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

30 மீற்றர் தூரம் என்றால் போய்வர 60 மீற்றர் செம்பு. 1.5 சதுர மி.மீ. வயரில் அந்த நீளத்துக்கு 0.73 ஓம் வரும். வாளும் உறிஞ்சியும் சேர்ந்து 13 அம்ப் இழுத்தால் வயரிலேயே 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 4 வோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டுப் பலகையிலிருந்து தனிப் பிரேக்கர், 30 மில்லி அம்ப் ட்ரிப் சுவிச், கொட்டிலில் தனி எர்த் கம்பி, 13 அம்ப் பிளக் பொயின்ற் ஆறு. இவ்வளவும் பதிவுபெற்ற எலக்ட்ரீசியன் செய்யட்டும். சுருள் வயரைப் பாவிக்கிறவர்கள் முழுதாக விரித்துவிட்டுப் பாவியுங்கள். சுருண்டபடி இருந்தால் சூடு வெளியேறாமல் உறை உருகும்.

பின்னேரம் 200 வோல்ட் என்றீர்கள். கை வட்டவாள், ரவுட்டர், கிரைண்டர் இவற்றில் இருப்பது கார்பன் வைத்த மோட்டர். வோல்டேஜ் குறைந்தால் வேகமும் பலமும் குறையும், ஆனாலும் ஓடும். மேசை வாளிலும் பெரிய தூள் உறிஞ்சியிலும் இருக்கிற இன்டக்சன் மோட்டருக்குத்தான் ஆபத்து. அதன் தொடக்க இழுவை (சுழற்றும் பலம்) வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 200 வோல்ட்டில் 230இல் இருந்ததில் முக்கால் பங்குதான் மிஞ்சும். 2 குதிரைவலு மோட்டர் தொடங்கும்போது 60 அம்ப் வரை இழுக்கும். 2.5 சதுர மி.மீ. வயர் என்றால் அந்தக் கணத்தில் இன்னும் 26 வோல்ட் விழுந்து 174இல் நிற்கும், இழுவை 57 சதவீதம். மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, பத்து விநாடியில் மணம் வரும். கப்பாசிற்றர் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் முதலில் வயரைப் பாருங்கள். இன்டக்சன் மோட்டர் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தூள் உறிஞ்சியை முதலில் போட்டு ஐந்து விநாடி கழித்து வாளைப் போடுங்கள், இரண்டையும் ஒன்றாகத் தொடக்க வேண்டாம்.

கனடா மெசின்: அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நேரே எங்கள் பிளக்கில் குத்தினால் அந்த நிமிடமே எரியும். கார்பன் மோட்டர் உள்ளவற்றை ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம், 50 ஹேர்ட்ஸ் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கத்தைய 15 அம்ப் வாளுக்கு 1,800 வாட்ஸ் வேண்டும், தொடக்க இழுப்பையும் சேர்த்து 3 கிலோ வோல்ட் அம்ப் ரான்ஸ்போமர் போடவேண்டும். அது பெரும் பாரம், விலையும் வாளின் விலையை எட்டும். இன்டக்சன் மோட்டர் உள்ள மெசினை அங்கேயிருந்து எடுக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 3,450 சுற்றியது இங்கே 2,875தான் சுற்றும். அதே வோல்டேஜைக் குறைந்த ஹேர்ட்ஸில் கொடுப்பதால் இரும்பு நிரம்பி வேலை செய்யாமலே சூடேறும்.

அண்ணாவிடம் கேட்கவேண்டியது கரண்டில் ஓடாத சாமான். இறுக்கிகள், நல்ல உளி, அரைமுக மாஸ்க், அதன் பில்டர்கள், உறிஞ்சிக்கு உயர்தர பில்டர். 18 வோல்ட் பற்றரி ட்ரில்லும் கேட்கலாம். 5 அம்ப் மணி பற்றரி 90 வாட் மணிதான், விமானத்தில் கைப்பையில் கொண்டுவர விடுவார்கள். ஆனால் அங்கத்தைய சார்ஜரில் 120 வோல்ட் மட்டும் என்று போட்டிருக்கும். 230 வோல்ட் சார்ஜரை இங்கேயே வாங்குங்கள். பிளேட் கேட்டால் நடு ஓட்டையின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். அங்கத்தைய 7¼ இஞ்சிப் பிளேட்டின் ஓட்டை 15.88 மி.மீ., இங்கே விற்கிற 185 மி.மீ. வாள்களில் பெரும்பாலும் 20 மி.மீ. தண்டு. சின்ன ஓட்டையைத் துளைத்துப் பெருப்பிக்கக் கூடாது. மையம் ஒரு மயிரளவு விலகினாலும் பிளேட் அதிரும்.

மோட்டர் வைத்துக் கொல்லுப்பட்டறையில் மேசை வாள் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2,880 சுற்று மோட்டரில் 100 மி.மீ. புலி (பட்டி ஓடுகிற சில்லு), வாள் தண்டில் 80 மி.மீ. புலி போட்டால் 3,600 சுற்று. 250 மி.மீ. பிளேட்டின் விளிம்பு அப்போது விநாடிக்கு 47 மீற்றர் ஓடும், அது சரியான வேகம். பிளேட்டில் அச்சடித்திருக்கிற உச்ச வேகத்தைத் தாண்டாதீர்கள். இப்படிக் கட்டுகிற மேசைகளில் இல்லாமல் போவது பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற பிளவுத் தகடு. கிழித்த மரம் பின்பக்கம் மீண்டும் மூடி பிளேட்டைக் கவ்வினால் பலகை நெஞ்சுக்கு வரும். வெட்டு 3 மி.மீ., பிளேட் உடல் 2 மி.மீ. என்றால் தகடு 2.5 மி.மீ. இரும்பு, பல்லிலிருந்து 3 தொடக்கம் 8 மி.மீ. தள்ளி. அது இல்லாத மேசை வாளில் நான் ஒரு பலகையும் தள்ளமாட்டேன்.

---

மாங்குளம்_சீவுளி:

தூளைப் பற்றி ஆறுதலாகவே எழுதிறன், இதில விடுற பிழைதான் கனக்க.

கண்ணுக்குத் தெரியிற தூள் மூக்கில தங்கும், தும்மினால் வெளிய வரும். நெஞ்சுக்குள்ள இறங்கிறது 10 மைக்ரோனுக்குக் கீழ்ப்பட்டது, அது தெரியாது. பட்டறை துப்பரவாக இருக்கிறமாதிரிக் கிடக்கும். இரவில சாண்டர் போட்டு நிப்பாட்டிப்போட்டு லைற்றை அணைச்சு, ரோர்ச் ஒண்டைக் குறுக்க அடிச்சுப் பாருங்கோ. வெளிச்சத்துக்குள்ள புகைமாதிரி மிதக்கிறதுதான் அது. அரை மணித்தியாலம் கழிச்சு அடிச்சாலும் மிதந்துகொண்டு நிக்கும். சாண்டரை நிப்பாட்டின உடன மாஸ்கைக் கழட்டிறது அதனாலதான் பிழை. மரத்தூளை மனிசருக்குப் புற்றுநோய் தரும் பொருள் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் முதலாம் தொகுதியில சேர்த்தது. மூக்குக்குள்ளயும் அதைச் சுத்தியிருக்கிற எலும்புக் குழியளிலயும் வாற புற்று. வைரமான மரங்களின்ர தூளோடதான் அது கூடுதலாகத் தொடர்புபட்டது.

எல்லா மெசினும் ஒரே தூளைத் தராது. பிளேனர் தாறது சீவல், கூட்டி அள்ளலாம். சாண்டர் தாறது முழுக்க நுண்தூள். வட்டவாள் இடையில. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோட அமத்தின) பலகையை அறுத்தால் வாளே சாண்டர் மாதிரி, பசையும் சேர்ந்து பறக்கும். அதை வெளியில வைச்சு அறுங்கோ.

இனி உறிஞ்சி. இரண்டு சாதி இருக்குது, இரண்டும் ஒண்டுக்கொண்டு பதில் இல்லை. வக்கியூம் மாதிரி இருக்கிறது சின்னக் குழாயால கடுமையாக இழுக்கும், காத்து அளவில குறைவு. சாண்டர், கை வட்டவாள், ரவுட்டருக்கு அதுதான். பை தொங்கிற பெரிய உறிஞ்சி 100 மி.மீ. குழாயால கனக்கக் காத்தை மெதுவான இழுவையில எடுக்கும், மேசை வாளுக்கும் தடிப்புப் பிளேனருக்கும் அது. பெரியதில சாண்டர்க் குழாயைக் கொளுவினால் ஒண்டும் இழுக்காது. உங்கட பட்டியலுக்கு இப்போதைக்கு வக்கியூம் ஒண்டுதான் வேணும், 1,200 வாட்ஸ், 25 லீற்றருக்கு மேல, மெசினைக் கொளுவுற பிளக் முகப்பில உள்ளது. வாள் ஓடத் தானும் ஓடும், நிண்டாப் பிறகு சில விநாடி கூட இழுத்துக் குழாயை வெறுமையாக்கும். பெட்டியில எல், எம், எச் எண்டு ஒரு எழுத்து இருந்தால் பாருங்கோ. எல் எண்டால் நுண்தூளில 1 சதவீதம் வரை திரும்ப வெளியால விடலாம், எம் எண்டால் 0.1. மரத்துக்கு எம். அந்தக் காசு இல்லாட்டி எல் வாங்கி உயர்தர பில்டரும் துணிப் பையும் போடுங்கோ. வீடு கூட்டுற சாதாரண வக்கியூமின்ர பில்டர் சாண்டர்த் தூளில பத்து நிமிசத்தில அடைச்சுப்போகும், மோட்டர் காத்தில்லாமல் எரியும்.

அடைபடாமல் இருக்க இடையில ஒரு வாளி வையுங்கோ. மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளி. மூடியில இரண்டு ஓட்டை. தூள் வாற குழாயை ஓரத்தில, சுவரோட தழுவி வட்டமாகச் சுழலுறமாதிரிச் சரிச்சுப் பூட்டவேணும். வக்கியூமுக்குப் போறது நடுவில. அதுக்குக் கீழ, வாளிக்குள்ள, ஒரு பிளைவூட் வட்டத் தட்டு: விளிம்பில மூண்டில இரண்டு பங்கு சுற்றளவுக்கு 28 மி.மீ. வெட்டி எடுத்து, மிச்ச மூண்டில ஒரு பங்கு சுவரோட முட்டிக்கொண்டு நிக்கட்டும். அந்த முட்டின பக்கம் தூள் உள்ள வாற குழாய்க்கு நேர் கீழ வரவேணும், வெட்டின பக்கம் வந்தால் விழுந்த தூளைக் காத்து திரும்பக் கிளப்பும். தட்டுக்குக் கீழ இறங்கின தூள் மேல வராது. வாளி நிரம்பித் தட்டைத் தொட முன்னம் கொட்டுங்கோ. தொட்டால் அவ்வளவும் நேரே பில்டருக்குத்தான்.

இதில எல்லாரும் காணிற கோளாறு ஒண்டு: குழாய் வாய் ஒரு மரத்துண்டில அடைபட்டால் வாளி "டப்" எண்டு உள்ளுக்குள்ள நசியும். நல்ல வக்கியூம் 200 மில்லிபார் இழுக்கும். அது ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 190 கிலோ பாரம். ஒண்டுக்குள்ள ஒண்டாக இரண்டு வாளி போடுங்கோ, உள்வாளியின்ர நடு உயரத்தில ஒரு பிளைவூட் வளையம் இறுக்குங்கோ.

சாண்டர் வாய் 27 மி.மீ., வக்கியூம் குழாய் 36 மி.மீ., ஒத்துப்போகாது. பொருத்தி தேடித் திரியவேண்டாம். பழைய மோட்டச்சைக்கிள் ரியூப்பில ஒரு சாண் வெட்டி, ஒரு பக்கத்தைச் சாண்டர் வாயில இழுத்துப் போட்டு, மற்றப் பக்கத்துக்குள்ள குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கினால் காத்துப் போகாது, நெளியவும் நெளியும். தாள் ஒட்டேக்க ஓட்டையும் ஓட்டையும் நேர் வைச்சு ஒட்டுங்கோ. ஓட்டை விலகினால் வக்கியூம் தாளின்ர முதுகைத்தான் உறிஞ்சும். தாள் 80, 120, 180 எண்டு போனால் காணும். உங்களுக்குச் சீவுளி பழக்கம் எண்டபடியால் கடைசிச் சீவலைக் கையால எடுத்துப்போட்டு 150 தாளில தொடங்குங்கோ. சீவுளி தூள் தராது, மின்னுற பரப்பும் தரும்.

பிறகு ஒருநாள் மேசை வாளும் பெரிய உறிஞ்சியும் வாங்கினால், அதோட வாற துணிப்பை 30 மைக்ரோன். அது சீவலைப் பிடிச்சு நுண்தூளைப் பட்டறை முழுக்கத் தெளிக்கும், இல்லாததைவிட மோசம். 1 மைக்ரோன் பையோ மடிப்பு பில்டரோ மாத்துங்கோ. குழாய் 110 மி.மீ. பி.வி.சி. நல்லது. 90 பாகை வளைவுக்குப் பதில் 45இல் இரண்டு. நெளிகுழாய் கடைசி ஒரு மீற்றர் மட்டும். தூள் குழாயில படியாமல் ஓட விநாடிக்கு 20 மீற்றர் வேகம் வேணும், 100 மி.மீ. குழாயில அது மணிக்கு 565 கன மீற்றர். உறிஞ்சிப் பெட்டியில எழுதியிருக்கிற எண் குழாயே இல்லாமல் அளந்தது, பாதியாவது குறைச்சு எடுங்கோ.

காத்து. உங்கட கொட்டிலுக்கு இதுதான் முக்கியம். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் தென்மேற்கில இருந்து அடிக்கும், வீடும் கிணறும் நேரே காத்துவாக்கில. அந்த மாசங்களில வடக்குக் கதவைத் திறந்து வைச்சுச் சாண்டர் போட்டால் தூள் அம்மாவின்ர அறைக்கும் கிணத்துக்கும்தான். அப்ப கதவைச் சாத்தி, வக்கியூமை ஓடவிட்டு, மாஸ்கோட வேலை செய்யுங்கோ, முடிஞ்சு ஒரு மணித்தியாலம் கழிச்சுத் திறவுங்கோ. வாடை தொடங்கினால் நேர்மாறு, காத்து வீட்டில இருந்து கொட்டில் பக்கம் வரும். அதுக்குத் தெற்குச் சுவரில உயரத்தில ஒரு 12 இஞ்சி வெளியேற்று விசிறி பூட்டுங்கோ. கொட்டில் 61 கன மீற்றர்தான். மணிக்கு 1,200 கன மீற்றர் தள்ளுற விசிறி மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் காத்தை மாத்தும்.

விசிறிக்கோ குழாய்க்கோ கூரைச் சீற்றை வெட்டவே வேண்டாம். அஸ்பெஸ்ரஸை கிரைண்டரால வெட்டினால் வாற தூளுக்கு முன்னால மரத்தூள் ஒண்டுமில்லை. சுவரில கல்லை எடுங்கோ.

மாஸ்க் எண்டால் என்95, இல்லாட்டி அரைமுக மாஸ்கில பி100 பில்டர். ஆசுப்பத்திரி நீலத் துணி பக்கத்தால ஒழுகும், தாடி இருந்தால் எந்த மாஸ்கும் ஒட்டாது. தும்புக்கட்டையால உலரக் கூட்டாதேங்கோ, கொம்பிரசரால ஊதாதேங்கோ. படிஞ்சதைத் திரும்பக் காத்தில ஏத்திறதுதான் இரண்டும். வேலை உடுப்பு கொட்டிலிலயே தொங்கட்டும், தலையைக் கழுவிப்போட்டு வீட்டுக்குள்ள போங்கோ. தொய்வுக்காரர் இருக்கிற வீட்டில இது வக்கியூமைப்போல அவசியம்.

---

பரந்தன்_புதுப்பட்டறை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கிரைண்டர் பிளேட் வாங்கேல்லை. வயர் 4 சதுர மி.மீ. எண்டு முடிவெடுத்திட்டன். இரண்டு சந்தேகம். பாலைத் தீராந்தியளில பழைய ஆணி இருக்கும், அதைவிட எங்கட பக்கத்து வேம்பில சண்டைக்காலச் செல் (எறிகணை) துண்டு இருக்கும் எண்டு ஆலையில அறுக்க மறுக்கிறாங்கள். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மற்றது, முதிரை அறுத்தால் உடம்பு கடிக்கும் எண்டு சொல்லுகினம், உண்மையா?

---

முள்ளியவளை_வாள்:

ஆலைக்காரரில பிழையில்லை. 2009க்கு முந்தி நிண்ட மரம் எதையும் வன்னியில சந்தேகத்தோடதான் அறுக்கவேணும்.

கண்ணால முதல் பாருங்கோ. பட்டையில ஆறின வடு, புடைப்பு, கோணலாக மூடின கணு. அறுத்த பலகையில நார்வாட்டில நீளமாக ஓடுற நீலக்கறுப்புக் கறை. இரும்பு மரத்தின்ர துவர்ப்போட சேர்ந்தால் அந்த நிறம் வரும், துண்டு அந்தக் கறையின்ர நடுவில இருக்கும். காந்தம் மட்டும் நம்பாதேங்கோ. செல் சிதறலையும் ஆணியையும் அது பிடிக்கும், ஈயமும் செம்பு உறையும் உள்ள சன்னத்தை (துவக்குக் குண்டை) பிடிக்காது. கையில பிடிக்கிற உலோகம் காட்டி ஒண்டு வாங்குங்கோ, வாசலில ஆக்களைச் சோதிக்கிற சாதி. அது சில அங்குலத்துக்குத்தான் காணும். அதனால நாலு பக்கமும் மெதுவாக ஓட்டவேணும், ஒவ்வொரு பலகை கழண்டாப் பிறகும் புது முகத்தில திரும்ப ஓட்டவேணும். சத்தம் வாற இடத்தில சோக்கால வட்டம் போட்டு, பழைய உளியால தோண்டி எடுங்கோ. உலோகம் காட்டியும் கையில இல்லாமல் அந்தத் தீராந்தியை மெசினில வைக்காதேங்கோ.

ஆணி, சன்னம், சிதறல் துண்டு எண்டு தெளிவாகத் தெரிஞ்சால் மட்டும் தோண்டுங்கோ. உருண்டையாக, குழாயாக, முழுசாக ஏதும் தெரிஞ்சால் உளியைக் கீழ வைச்சுப்போட்டு எல்லாரையும் தள்ளிப் போகச்சொல்லிப் பொலிசுக்கு அறிவியுங்கோ.

இப்ப, தப்பின துண்டில வாள் பட்டால் என்ன நடக்கும் எண்டதும் தெரிஞ்சிருக்கவேணும். கார்பைட் பல்லு உடைஞ்சு சன்னம்மாதிரிப் பறக்கும். அதனால பிளேட்டுக்கு நேர் நிக்காமல் பக்கவாட்டில நிண்டு, கண்ணாடி போட்டு அறுங்கோ. மற்றது, மாங்குளம் அண்ணை எழுதாத ஒண்டு. பட்ட உடன பொறி கிளம்பும், அந்தப் பொறியை உறிஞ்சி இழுத்துத் தூள் வாளிக்குள்ள கொண்டுபோய் வைக்கும். அங்க காத்துக் குறைவாக இருக்கப் புகைஞ்சு புகைஞ்சு இரண்டு மணித்தியாலம் கழிச்சு எரியும், நீங்கள் அப்ப வீட்டில படுத்திருப்பியள். இரும்பில பட்டது தெரிஞ்சால் உடன மெசினை நிப்பாட்டி, உறிஞ்சியையும் நிப்பாட்டி, வாளியைக் கொட்டிலுக்கு வெளியில வெறுந்தரையில கொட்டித் தண்ணி தெளியுங்கோ. இதே காரணத்துக்காகக் கிரைண்டரில இரும்பு தேய்க்கேக்க மரத்தூள் உறிஞ்சியைக் கிட்ட வைக்கக்கூடாது. லின்சீட் எண்ணெய் துடைச்ச சீலையையும் சுருட்டிக் குப்பைக்குள்ள போடவேண்டாம், அது பொறி இல்லாமலே தானாகப் பத்தும். விரிச்சு வெளியில காயவிடுங்கோ, இல்லாட்டித் தண்ணிக்குள்ள போடுங்கோ.

பழைய வீட்டுத் தீராந்தி, நிலையில பெயின்ற் இருந்தால் உலரச் சாண்டர் போடாதேங்கோ, பழைய பெயின்றில ஈயம் இருக்கும். சுரண்டியால நனைச்சுச் சுரண்டுங்கோ. முதிரையோ பாலையோ புதிசாக வாங்கினால் பெர்மிட்டைக் கேட்டு வாங்கி வையுங்கோ, வழியில மறிச்சால் மரமும் வாகனமும் போகும்.

---

மாங்குளம்_சீவுளி:

பொறி விசயத்தை எழுதினது நல்லது, நான் விட்டிட்டன்.

முதிரை உண்மைதான். அந்த மரத்தில இருக்கிற சாரம் சிலபேருக்குத் தோலில அரிப்பும் கொப்புளமும் தரும். எல்லாருக்கும் இல்லை. ஆனால் முதல் நாள் ஒண்டும் செய்யாமல் விட்டு, பத்தாவது நாள் தொடங்கி, பிறகு கொஞ்சத் தூளுக்கே கிளம்புற சாதி. தேக்கும் சிலருக்கு அப்படித்தான். வியர்வையோட தூள் ஊறிக் கிடக்கிற இடத்தில முதல் வரும்: கழுத்து மடிப்பு, முழங்கை உள்பக்கம், கைக்கடிகாரத்துக்குக் கீழ, மாஸ்கின்ர ரப்பர் விளிம்பு. முழுக்கைச் சேட்டு, கழுத்தில சுத்தின பருத்திச் சீலை. மத்தியான வெயிலில சீற்றுக்குக் கீழ வியர்த்துக்கொண்டு முதிரையைச் சாண்டர் போடவேண்டாம். அறுவையைக் காலமை 10 மணிக்குள்ள முடிச்சு, உடன குளியுங்கோ. வோல்டேஜும் அந்த நேரம்தான் நல்லாயிருக்கும். முதல் முதிரைப் பலகையில ஒரு அடித் துண்டு மட்டும் அறுத்துப்போட்டு இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கோ, ஒண்டும் இல்லாட்டியும் பிறகும் கவனிச்சுக்கொள்ளுங்கோ. கண்ணிமை வீங்கினால், இல்லாட்டி மூச்சு இழுத்தால், முதிரை வேலையைச் சீவுளியாலயும் உளியாலயும் செய்யுங்கோ, சாண்டரைத் தேக்குக்கும் வேம்புக்கும் வையுங்கோ. அந்த முதிரைத் தூளை மாட்டுக்கொட்டிலுக்கோ கோழிக்கோ பரப்பவேண்டாம், கிணத்துக்குத் தூரமாகக் கிடங்கு வெட்டித் தாழுங்கோ.